கேஸ் போட்டுட்டு அப்படியே விட்டுட்டா என்ன ஆகும்

"நிலத்து கேஸ் கோர்ட்ல நடந்துட்டு இருக்கு"ன்னு சொல்றவங்ககிட்ட அடுத்த வாய்தா எப்போன்னு கேட்டுப் பாருங்க, பல பேருக்கு தெரியாது, வக்கீல் பாத்துக்கறாருன்னு சொல்லுவாங்க. எனக்கு அதைக் கேட்டாலே பதறும், ஏன்னா அந்த கேஸ் எப்பவோ டிஸ்மிஸ் ஆகி கேஸ் கட்டு ரெக்கார்டு ரூமுக்கே போயிருக்கலாம், இவங்க இன்னும் தீர்ப்பு வரும்னு காத்துட்டு இருப்பாங்க.

சிவில் கேஸை நகர்த்த வேண்டியது வாதி, அதாவது கேஸ் போட்டவர்தான். எதிராளிக்கு சம்மன் அனுப்பற செலவுக்கான பேட்டா கட்டாம விட்டாலே தள்ளுபடி பண்ணலாம். சம்மன் எதிராளி கைக்குப் போய்ச் சேராம திரும்பி வந்தா 7 நாளுக்குள்ள மறுபடி சம்மனுக்கு மனு போடணும், போடலன்னா அதுக்கும் தள்ளுபடி உண்டு. இதெல்லாம் 1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்துல ஆர்டர் 9ங்கற பகுதில இருக்கு.

அதுலயே எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. கூப்பிடறப்போ ரெண்டு தரப்பும் வரலன்னு தள்ளுபடி ஆனா, கேஸ் போடறதுக்கான காலவரம்பு மிச்சம் இருந்தா புதுசா கேஸ் போடலாம். ஆனா எதிராளி வந்து நின்னு, நீங்க மட்டும் வராம தள்ளுபடி ஆச்சுன்னா, அதே காரணத்துக்கு திரும்ப கேஸ் போடவே முடியாது, பழைய கேஸை ரிஸ்டோர் பண்ணச் சொல்லி, அதாவது மறுபடி எடுத்து நடத்தச் சொல்லி மனு போடறது, இல்ல கோர்ட்டுக்கு கோர்ட் அப்பீல்னு அலையறதுதான் வழி. பாகப்பிரிவினை கேஸ் கொஞ்சம் வேற, சொத்து கூட்டா இருக்கற வரைக்கும் பாகம் கேக்கற உரிமை தொடரும், அதனால திரும்ப கேஸ் போடலாம். புரோநோட்டு கேஸ்னா 3 வருஷ காலவரம்பு அதுக்குள்ள முடிஞ்சிருக்கும், அங்க ரிஸ்டோர் ஆகலன்னா பணம் போனது போனதுதான்.

ரிஸ்டோர் மனுவுக்கு 30 நாள்தான் டைம். தாண்டிட்டா தாமதத்தை மன்னிக்கச் சொல்லி லிமிடேஷன் சட்டம் (காலவரம்புச் சட்டம்) 5வது பிரிவுல தனியா ஒரு மனு, ஏன் வரலன்னு காரணம், ஆஸ்பத்திரி சீட்டு மாதிரி ஆதாரம், அதுக்கு எதிராளியோட பதில் மனு, இப்படி அதுவே ஒரு குட்டி கேஸா இழுக்கும். நடுவுல இடைக்காலத் தடை வாங்கி வச்சிருந்தீங்கன்னா கேஸ் தள்ளுபடி ஆனதும் அதுவும் போயிடும், எதிராளி அந்த இடத்துல சுவர் எழுப்ப ஆரம்பிச்சா அன்னைக்கு உங்க கையில எந்த ஆர்டரும் இருக்காது.

வக்கீல் தப்புக்கு கட்சிக்காரர் கஷ்டப்படக் கூடாதுன்னு 1981ல ரபீக் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, நியாயமான தீர்ப்பு. ஆனா அதை நம்பி சும்மா உக்காந்துடாதீங்க, கட்சிக்காரரும் தன் கேஸைப் பத்தி விசாரிச்சிட்டே இருக்கணும்னு பின்னாடி வந்த தீர்ப்புகள் அழுத்திச் சொல்லுது.

கேஸ் போட்ட அப்பாவோ தாத்தாவோ இறந்துட்டா இன்னும் கவனம் வேணும். 90 நாளுக்குள்ள வாரிசுகளைச் சேர்க்க மனு போடலன்னா கேஸ் அபேட் ஆயிடும், அதாவது தானாவே அத்துப் போயிடும். அதை மீட்க மேல 60 நாள். துக்கத்துல இருக்கற வீட்டுல யாருக்கு கோர்ட் ஞாபகம் வரும் சொல்லுங்க, இதுலதான் நிறைய குடும்பம் சொத்தை விட்டுடுது.

பிரதிவாதியா இருந்தாலும் அலட்சியம் வேண்டாம், போகலன்னா எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது நீங்க இல்லாமலே உங்களுக்கு எதிரா தீர்ப்பு ஆகும், அதை ரத்து பண்ணவும் 30 நாள்தான், பண்ணலன்னா அந்த டிகிரியை 12 வருஷம் வரைக்கும் நிறைவேத்தலாம்.

இப்போ ஈகோர்ட்ஸ் ஆப் இருக்கு, ஃப்ரீதான். வக்கீல்கிட்ட சிஎன்ஆர் நம்பரை (ஒவ்வொரு கேஸுக்கும் உள்ள தனி அடையாள நம்பர், எழுத்தும் எண்ணும் சேர்ந்து 16 இருக்கும்) கேட்டு வாங்கி அதுல போட்டா அடுத்த வாய்தா, போன தடவை என்ன நடந்துச்சு எல்லாம் வரும். வீட்டுல பெரியவங்க பேர்ல பழைய கேஸ் ஏதாவது இருந்தா இன்னைக்கே பாத்துடுங்க, டிஸ்மிஸ்டுன்னு காட்டினா முதல்ல அந்த தேதியைக் குறிச்சுட்டு நேரா வக்கீல் ஆபீசுக்கு போங்க.