சேர்க்கை மருந்தும் வெள்ளையணுக்களும்: ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை விடாமல் சாப்பிடும் நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி (வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி) நோயாளிக்கு, இரத்தத்தில் வைரஸ் டி.என்.ஏ. பெரும்பாலும் தென்படாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆனால் கல்லீரல் செல்லின் உட்கருவில் வளையமாகக் கிடக்கும் மூல டி.என்.ஏ.வை அந்த மாத்திரை அழிப்பதில்லை. வைரஸின் மேலுறைப் புரதமான மேற்பரப்பு ஆன்டிஜென் உற்பத்தியும் நிற்பதில்லை. அதையே ஆண்டுக்கணக்கில் எதிர்கொண்ட டி செல்கள் (வைரஸ் தொற்றிய செல்களைத் தாக்கும் வெள்ளையணுக்கள்), பி.டி.-1 என்ற தடைப் புரதத்தைச் சுமந்தபடி சோர்ந்துவிடுகின்றன.

2016இல் வெளியான, 740 நோயாளிகள் பங்கேற்ற பன்னாட்டுச் சோதனையை மீண்டும் படித்தேன். டெனோஃபோவிரும், நோயெதிர்ப்பைத் தூண்டும் நீண்டநேர இன்டர்ஃபெரான் ஊசியான பெக்இன்டர்ஃபெரானும் சேர்த்து 48 வாரம் பெற்றவர்களில் 9.1 விழுக்காட்டினரிடம் 72ஆம் வாரத்தில் அந்த ஆன்டிஜென் மறைந்திருந்தது. இன்டர்ஃபெரான் மட்டும் பெற்றவர்களில் இது 2.8 விழுக்காடு, மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஒருவருமில்லை. நூற்றில் ஒன்பது பேருக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதே என்னை இந்த வேலைக்கு இழுத்து வந்த கேள்வி.

மார்ச் 6, வியாழன்

உடன் பணிபுரியும் அண்ணன் பயிற்சிக்காகத் தந்த இரத்தத்தை, செல்களை அடர்த்திவாரியாகப் பிரிக்கும் ஃபிக்கால் திரவத்தின்மேல் படியவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் 30 நிமிடம் சுழற்றினேன். பிரேக்கை அணைக்க மறந்துவிட்டதால், நடுவில் தெளிவாக நிற்க வேண்டிய வெள்ளை வளையம் கலங்கிப்போனது. மீதியிருந்த இரத்தத்தில் மறுபடி செய்தபோது, மேலே மஞ்சள் பிளாஸ்மாவும் அடியில் சிவப்பணுக்களும் பிரிந்து நிற்க, இடையில் மெல்லிய பனிப்படலம்போல வெள்ளையணுக்கள் தேங்கின. அவற்றைப் பிப்பெட்டில் உறிஞ்சி எடுக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

இன்று முழுவதும் படிப்பு. லாமிவுடின் மாத்திரையால் வைரஸ் குறைந்ததும் டி செல்களின் துடிப்பு ஓரளவு திரும்புவதை 1998இலேயே இத்தாலியின் பார்மா நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். பின்னர் அந்த மீட்சி நீடிக்கவில்லை என்பதையும் அவர்களே எழுதினார்கள். இன்டர்ஃபெரானின் கதை வேறு. 2013இல் லண்டனிலிருந்து வந்த ஆய்வின்படி, அது சி.டி.56 என்ற அடையாளப் புரதம் மிகுந்த என்.கே. செல்களை (இயற்கைக் கொல்லி வெள்ளையணுக்கள்) பெருக்குகிறது, ஆனால் தொற்றிய செல்களைக் கொல்லும் வகையான சி.டி.8 டி செல்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. மேலும், என்.கே. செல்கள் டிரெயில் என்ற புரதத்தின் வழியாக, ஹெபடைட்டிஸ் பி வைரஸை அடையாளம் காணும் டி செல்களையே கொல்லக்கூடும் என்பதும் அதே ஆண்டில் வெளிவந்தது. வைரஸை விரட்டக் கூட்டிய படை, நமக்கு மிகவும் வேண்டிய வீரர்களைச் சாய்க்கிறது என்றால், இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தாலே பலன் கூடும் என்று கணக்குப் போட முடியாது. எதை முதலில் கொடுப்பது, எவ்வளவு காலம் கொடுப்பது என்பதும் மருந்தின் அளவுக்கு இணையாக முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

மார்ச் 11, செவ்வாய்

திரவ நைட்ரஜனில் இருந்த செல்களை 37 டிகிரி நீரில் உருக்கினேன். இறந்த செல்களில் மட்டும் ஏறும் சாயமான டிரிப்பான் நீலம் ஏறியவை எதிர்பார்த்ததைவிட அதிகம். உருக்கிய பிறகு கழுவத் தாமதித்ததே காரணம் என்று நினைக்கிறேன்.

இரத்தத்தில் நாம் எண்ணும் டி செல்கள் கல்லீரலில் நடப்பதை முழுவதும் சொல்வதில்லை. அங்கேயே தங்கிவிடும் நினைவு டி செல்கள் இரத்தத்துக்கு வருவதில்லை. அதற்காகத்தான் நுண்ணூசியால் கல்லீரலிலிருந்தே மாதிரி எடுக்கிறார்கள். நோயாளியின் சம்மதம், வலி, இரத்தக்கசிவு அபாயம் எல்லாவற்றையும் எண்ணும்போது, ஒரு துளி மாதிரியைக்கூட வீணாக்க மனம் வராது.

மார்ச் 13, வியாழன்

வைரஸின் உள்கூட்டை அமைக்கும் கோர் புரதத்தில் 18 முதல் 27 வரையுள்ள பத்து அமினோ அமிலங்கள், எச்.எல்.ஏ.-ஏ2 என்ற மரபுவழித் திசு வகையினரின் டி செல்கள் அடையாளம் காணும் நன்கறிந்த துண்டு. நாட்பட்ட நோயாளிகளிடம் இத்தகைய செல்கள் மிகச் சிலவே இருப்பதால், அத்துண்டைச் சேர்த்துப் பத்து நாள் வளர்த்துப் பெருக்கிய பிறகே செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் எண்ண முடியும். இன்று மாலை தட்டுகளை இன்குபேட்டரில் வைத்து, 23ஆம் தேதிவரை தேவையின்றித் திறக்க வேண்டாம் என்று கதவில் எழுதி ஒட்டினேன்.