நாலு டயரும் ஒரே பேச்சு பேச வேண்டும்

பழைய வேகன் ஒன்றை வாங்க ஆசைப்பட்டு அக்கா மகன் அனுப்பிய படங்கள் மொத்தம் இருபத்தாறு. தோல் சீட், கூரைக் கண்ணாடி, கூரைக் கம்பிகள், பின்கதவில் பளபளக்கும் 'ஆல் வீல் டிரைவ்' முத்திரை, அதாவது நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகும் வண்டி என்று அர்த்தம். அந்த முத்திரைக்கு மட்டும் மூன்று படம். "டயர் படம் எங்கடா?" என்று கேட்டேன். "டயர் எதுக்கு மாமா, தேய்ஞ்சா மாத்திக்கலாம்" என்று பதில் வந்தது. சரி, நானும் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு நானும் இதே பதிலைச் சொன்னவன்தான். அப்போது வாங்கிய ஸ்டேஷன் வேகனில் முன் டயர் இரண்டும் புத்தம் புதிது, பின் டயர் இரண்டும் பாதி தேய்ந்தவை. விற்றவர் "புது டயர் போட்டே தர்றேன்" என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். நான்காவது மாதம் வண்டி திருப்பங்களில் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் நடுவில் இணைக்கும் கப்ளிங் போய்விட்டது என்றார் மெக்கானிக். அது போனதோடு நிற்காமல் முன்பக்கக் கியர் பெட்டியையும் பதம் பார்த்திருந்தது. அந்த பில்லை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லாத கணக்கு இது. புது டயரில் பட்டன் ஆழம், அதாவது ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் மேடுகளின் உயரம், சுமார் 8 மில்லிமீட்டர். பாதி தேய்ந்தால் 4. சக்கரத்தின் ஆரம் 4 மில்லிமீட்டர் குறைந்தால் சுற்றளவு 25 மில்லிமீட்டர் குறையும். வேகன் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தேய்ந்த சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 5 சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு 500 சுற்று. முன் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் இதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை, பின் சக்கரம் அதன் பாட்டுக்குச் சுற்றிவிட்டுப் போகும். நான்கும் ஒன்றோடு ஒன்று பிணைந்த வண்டியில் அந்த 500 சுற்றை நடுவில் இருக்கும் ஏதோ ஒன்று விழுங்கியாக வேண்டும். சுபரு என்ற ஜப்பான் கார் கம்பெனி தன் வண்டிகளில் டயர்களின் சுற்றளவு கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது என்கிறது. பட்டனில் பார்த்தால் அது வெறும் 1 மில்லிமீட்டர்.

எங்கள் வண்டிக்கு வருகிறேன். விற்பவர் ஐம்பதைத் தாண்டியவர், மரியாதையானவர். வண்டியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். பானட்டில் கை வைத்தேன், சுட்டது. வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தேன். "இல்ல சார், நிழல்ல நிறுத்தலாம்னு எடுத்தேன்" என்றார். இருக்கலாம். ஆனால் குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சினுக்குள் இருக்கும் செயின் இரண்டு விநாடி கடகடப்பதும், புகைபோக்கி ஒரு கொத்து நீலப்புகை துப்புவதும் எஞ்சின் சூடேறிவிட்டால் மறைந்துவிடும். மறுநாள் காலையில் திரும்ப வருகிறோம், அதற்குள் தொடவே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, அன்றைக்கு மற்றதைப் பார்த்தோம்.

முதலில் டயர். நான்கு டயர், மூன்று கம்பெனி. பட்டன் ஆழம் அளக்கும் சின்னக் கேஜை மருமகனிடம் கொடுத்து எழுதச் சொன்னேன். முன்னால் 7, 7. பின்னால் இடது 3, வலது 4. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் படிக்கக் கற்றுக்கொடுத்தேன். டயர் தயாரான தேதி அது; முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 1719 என்றால் 2019-ஆம் வருடத்தின் 17-வது வாரம். பின்னால் இருந்த இரண்டுக்கும் இடையே மூன்று வருடம். ஒருவர் வண்டியை எப்படி வைத்துக்கொண்டார் என்பதற்கு சர்வீஸ் புத்தகத்தைவிட இதுதான் நல்ல சாட்சி. எப்போது எது பஞ்சரானதோ அப்போது கையில் கிடைத்ததைப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள்.

சர்வீஸ் புத்தகமும் இருந்தது. எஞ்சின் ஆயில் தவறாமல் மாற்றியிருக்கிறார்கள். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் கூடுதான் பின் டிஃபரன்ஷியல். அதன் ஆயில் என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. இது சகஜம்தான். பின்னால் ஒரு டிஃபரன்ஷியல் இருப்பதே பல பேருக்குத் தெரியாது.

டிக்கி கம்பளத்தைத் தூக்கி, உதிரி டயர் குழிக்குள் கைவிட்டுப் பார்த்தோம். காய்ந்திருந்தது. வேகன்களில் கூரைக் கம்பியின் போல்ட் வழியாகவோ பின் விளக்கு ரப்பர் வழியாகவோ தண்ணீர் இறங்கி இங்கேதான் குளம் கட்டும். பின்கதவைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் தண்டுகள் செத்துப்போயிருந்ததை என் மண்டை கண்டுபிடித்தது. அது பெரிய விஷயமில்லை, மண்டையைத் தவிர.

பிறகு ஓட்டம். ஆல் வீல் டிரைவ் வண்டிக்கு நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. காய்ந்த, சமமான, காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, நடக்கிற வேகத்தில் வட்டமடிக்க வேண்டும். திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போகும். நடுவில் இருக்கும் பொருள் நல்ல நிலையில் இருந்தால் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும். இறுகிப்போயிருந்தால் யாரோ பிரேக்கை லேசாக அழுத்திப் பிடித்திருப்பது போல வண்டி தயங்கும், டயர் தத்தித் தத்திப் போகும். பழைய ஜீப்பில் லீவரைத் தள்ளி நாலு சக்கரத்தையும் பூட்டிவிட்டுத் தார் ரோட்டில் திருப்பினால் வருமே, அதே முரண்டு.

இந்த வண்டியில் நடுவே இருப்பது விஸ்கஸ் கப்ளிங் என்று முன்பே படித்து வைத்திருந்தேன். மூடிய உருளைக்குள் வட்டத் தட்டுகள், இடையில் சிலிகான் திரவம். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்வரை அது சும்மா இருக்கும். ஒன்று வேகமாகச் சுற்றினால் திரவம் அரைபட்டு, சூடாகி விரிந்து, மற்றதையும் சேர்த்து இழுக்கும். கம்ப்யூட்டர் கிடையாது, டாஷ்போர்டில் அதற்கென்று எச்சரிக்கை விளக்கும் கிடையாது. டயர் வித்தியாசத்தால் ஓயாமல் அரைபட்டுக்கொண்டே இருந்தால் திரவம் கெட்டுப்போய் நிரந்தரமாக இறுகிவிடும். 7-க்கும் 3-க்கும் இடையில் ஓடிய கப்ளிங் முரண்டு பிடித்தே தீர வேண்டும் என்று எதிர்பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பினேன்.

வெண்ணெய் மாதிரி திரும்பியது. இடப்பக்கம் மூன்று வட்டம், வலப்பக்கம் மூன்று வட்டம். ஒரு தயக்கமில்லை, ஆக்சில் மூட்டில் டக் டக் சத்தம்கூட இல்லை. மருமகன் முகத்தில் சிரிப்பு. "பாத்தீங்களா மாமா, நீங்கதான் பயந்தீங்க." விற்பவரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாத பையன் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியது போல இருந்தது.

நேராக ஓட்டியபோது 60-க்கு மேல் பின்னாலிருந்து ஒரு ஹம் சத்தம். இடப்பக்கம் வளைந்தால் கூடியது, வலப்பக்கம் வளைந்தால் குறைந்தது. வலது பின் வீல் பேரிங். மாற்றக்கூடியதுதான், நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அன்று இரவு மருமகன் மூன்று முறை போன் செய்தான். வேறு யாராவது வாங்கிவிடுவார்களாம். வாங்கினால் வாங்கட்டும் என்றேன். அக்கா போனைப் பிடுங்கி, "ஏண்டா, சின்னப் பையன் ஆசையா கேக்கறான், நீ என்னமோ மாப்பிள்ளை பார்க்கற மாதிரி பார்க்கறியே" என்றாள். மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டிலும் நான் கட்டிலுக்கு அடியில் பார்த்திருக்க வேண்டும் என்று அவளுக்கே ஒரு வருத்தம் உண்டு, அது தனிக்கதை.

மறுநாள் காலை தார்ப்பாயும் டார்ச்சும் எடுத்துப் போனோம். பானட் சில்லென்றிருந்தது. சொன்னபடி தொடாமல் வைத்திருந்தார், அதற்காகவே அவர் மேல் மரியாதை வந்தது. கூலன்ட் மூடியைத் திறந்தேன், நிறம் தெளிவு, எண்ணெய் மிதக்கவில்லை. ஆயில் மூடிக்கு அடியில் பால் போன்ற பிசுக்கு இல்லை. ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பின்னால் நின்றேன். புகை இல்லை, சத்தமும் இல்லை. எஞ்சின் நன்றாகவே இருந்தது. கையடக்க ஸ்கேனரைச் சொருகினால் பிழை எதுவும் காட்டவில்லை, தானே நடக்கும் சோதனைகளெல்லாம் முடிந்ததாகக் காட்டியது. பிழைகளை அழித்தால் அந்தச் சோதனைகளும் முடியாததாகத் திரும்பிவிடும். அப்படியென்றால் நேற்று ராத்திரி யாரும் பிழைகளை அழித்துவிட்டு உட்காரவில்லை.

எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தார்ப்பாயை விரித்துப் படுத்தேன். ஜாக்கி போடவில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கும் ஆள் நானில்லை. வேகன் கொஞ்சம் உயரம் என்பதால் தோள் வரை நுழைய முடிந்தது. பிரேக் குழாய்களில் மேலாகத் துரு. பின் டிஃபரன்ஷியலில் ஆயில் கசிவு இல்லை. இல்லை என்பதைவிட, அது ரொம்ப நாளாக வேலையே பார்க்காதது போலத் தூசு படிந்து, எண்ணெய்ப் பளபளப்பே இல்லாமல் இருந்தது. டார்ச்சை அங்கிருந்து முன்பக்கமாக நகர்த்தினேன்.

நடுவில் ஒன்றுமே இல்லை.

எஞ்சின் பக்கத்திலிருந்து சக்தியைப் பின்னால் கொண்டுவர வேண்டிய நீளத் தண்டு, புரொப்பெல்லர் ஷாஃப்ட், இல்லை. கப்ளிங் இல்லை. அதைத் தாங்கும் இரண்டு பேரிங்கும் இல்லை. அவை மாட்டியிருந்த போல்ட் துளைகள் மட்டும் மண் அடைத்து வரிசையாக இருந்தன. முன்னால் கியர் பெட்டியின் முகத்தட்டு துருப்பிடித்து, தனக்கு ஜோடி இல்லாமல் நின்றது. டிஃபரன்ஷியலின் முகத்தட்டும் அப்படியே. எப்போதோ கப்ளிங் இறுகியிருக்கிறது, புதிது போட மனசில்லாத யாரோ எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். கழற்றினால் வண்டி முன் சக்கரத்தில் சமர்த்தாக ஓடும். முரண்டு போய்விடும். வட்டமடித்தால் வெண்ணெய் மாதிரிதான் திரும்பும்.

"இங்க வா" என்று மருமகனை அழைத்துப் பக்கத்தில் படுக்கச் சொன்னேன். டார்ச்சை அவன் கையில் கொடுத்து, "பின் சக்கரத்துக்கு சக்தி எது வழியா போகுதுன்னு காட்டு" என்றேன். வெளிச்சம் பின்னாலிருந்து முன்னாலும், முன்னாலிருந்து பின்னாலும் நாலைந்து தடவை போய்வந்தது. "மாமா, பின்னாடி எழுதியிருக்கே" என்றான், கொஞ்சம் சத்தம் குறைத்து.

விற்பவரிடம் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் நடிப்பென்று தோன்றவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு இன்னொருவரிடம் வாங்கியது என்று அவரே முதல் நாள் சொல்லியிருந்தார். இரண்டு மழைக்காலத்தை அந்த முத்திரையை நம்பி ஓட்டியிருக்கிறார். "ஒரு தடவை சேத்துல மாட்டி டிராக்டர் வெச்சு இழுத்தோம் சார். அப்பவே நினைச்சேன்" என்றார். என்ன நினைத்தார் என்று சொல்லவில்லை.

"நான் பாக்கலாமா?" என்று கேட்டார். டார்ச்சைக் கொடுத்தேன். துவைத்த சட்டையோடு தார்ப்பாயில் படுத்து உள்ளே நகர்ந்தார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று, வெளியே வரவில்லை. கிளம்புகிறோம் சார் என்றேன். "ம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. டார்ச்சையும் தார்ப்பாயையும் திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.