மேடைச் சண்டை: ஒத்திகைக் குறிப்புகள்

ஜூலை 5, 2025, சனி

இந்த முறை பாரதக் கதை. திரௌபதியைத் துச்சாதனன் சபைக்கு இழுத்து வரும் காட்சியும், பீமன் துரியோதனன் சண்டையும். பிள்ளைகள் எல்லாரும் 13லிருந்து 16 வயதுக்குள். வந்ததும் வராததுமாக, "கதாயுதம் எப்போக்கா தருவீங்க?" இன்றைக்குக் கிடையாது என்றதும் முகம் தொங்கிவிட்டது.

வளையல், மோதிரம், தோடு எல்லாம் கழற்றிப் பைக்குள். அப்புறம் முழுக்க விழுந்து பழகினோம். உடம்பை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு கெண்டைக்கால், தொடை, இடுப்பின் பக்கவாட்டு என்று சதையுள்ள இடங்கள் வரிசையாகத் தரையில் பட வேண்டும். பயத்தில் எல்லாருக்கும் கைதான் முதலில் போய் ஊன்றுகிறது. மணிக்கட்டு உடைவது அப்படித்தான்.

ஒத்திகையைச் சட்டென்று நிறுத்த ஒரு சொல் வேண்டும். "நிறுத்து", "விடு" இரண்டும் வசனத்திலேயே இருக்கின்றன. கத்தினால் நடிப்பா நிஜமா என்று தெரியாது. பிள்ளைகள் "பரோட்டா" என்றார்கள். சரி, பரோட்டாவே இருக்கட்டும்.

ஜூலை 12, சனி

கூந்தல் காட்சி. துச்சாதனன் முடியைப் பிடிப்பதே இல்லை. விரல்களை மடக்கி, மூடிய கையை அவள் உச்சந்தலையில் வைக்கிறான், அவ்வளவுதான். அவள் இரண்டு கைகளாலும் அவன் மணிக்கட்டைப் பற்றித் தன் தலையோடு சேர்த்து அழுத்திக்கொள்கிறாள். பார்ப்பவர்களுக்கு அவள் திமிறுவது போல இருக்கும். எந்தப் பக்கம் போவது, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அவள் முடிவு. அவன் கூடவே போகிறான். அவள் பிடியை விட்டால் அவன் கை தானாக விலகிவிடும்.

பையனுக்கு இது பிடிக்கவில்லை. "நான்தானேக்கா இழுக்கணும்?" இருவரையும் இடம் மாற்றிச் செய்ய வைத்தேன். அவன் தலையில் கை வந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

கன்னத்தில் அறைவதும் அப்படித்தான். கை முகத்துக்கு ஒரு சாண் முன்னால் கடந்து போகும். வாங்குபவர் பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நின்று, நெஞ்சுக்கு நேரே தானே கைதட்டிச் சத்தம் கொடுக்க வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

"உண்மையிலேயே கோபம் வந்தாதானே நல்லா இருக்கும்?" என்றாள் ஒருத்தி. தஞ்சாவூர் பக்கம் மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தைப் பற்றிச் சொன்னேன். அங்கே நரசிம்மர் முகமூடி அணிபவருக்கு ஆவேசம் வந்துவிடும். இரணியன்மேல் பாயாமல் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். அது வழிபாடு, பிடித்துக்கொள்ள ஊரே நிற்கிறது. நம் மேடையில் பிடிக்க ஆள் இல்லை. கோபம் குரலிலும் முகத்திலும் இருந்தால் போதும், கையும் காலும் கணக்கு மறக்கக் கூடாது.

கணக்குக்குக் கூத்துதான் வழி காட்டியது. அங்கே சண்டையும் தாளத்துக்குள்தான். தகதிமி என்று நாலாகப் பிரித்தோம். த: கண்ணைப் பார். க: ஓங்கு. தி: வீசு. மி: வாங்கியவர் துள்ளு. கண் சந்திக்கவில்லை என்றால் ஓங்கவே கூடாது.

ஆகஸ்ட் 2, சனி

கதாயுதம் வந்தது. உள்ளே பிவிசி குழாய், தலைக்கு ஸ்பாஞ்ச், மேலே துணி. லேசாக இருப்பதால் ஈ ஓட்டுவது போல வீசுகிறார்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொல்லி, அந்த முதுகையும் காலையும் கவனித்துக்கொள்ளச் சொன்னேன். பீமன் இப்போது கொஞ்சம் பீமனாகிவிட்டான். ஸ்பாஞ்ச் என்றாலும் தலைக்கு மேல் வீச்சு கிடையாது. தொடையில் விழும் கடைசி அடிகூட முன்னால் கடந்துதான் போகும். சத்தத்துக்கு மிருதங்கம் இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

மாலை நிகழ்ச்சி. திரை தூக்குவதற்கு முன் எல்லாச் சண்டையையும் ஒருமுறை பாதி வேகத்தில் ஓட்டினோம். ஒவ்வொரு காட்சி நாளிலும் இது கட்டாயம், நேற்றுச் சரியாக வந்திருந்தாலும். இந்த மேடை ஒத்திகை அறையைவிட ஆழம் குறைவு. சுற்றி வந்து வீசும் இரண்டு வீச்சுகளை அங்கேயே வெட்டினேன். துரியோதனன் முறைத்தான். "அதுதான்க்கா நல்லா இருந்துச்சு!" முறைத்துக்கொண்டே மேடையேறியதில் முதல் வசனம் பிரமாதமாக விழுந்தது.