சோக் குமிழில் தேய்ந்த எழுத்து

அப்பாவின் மொறிஸ் மைனருக்கு எஞ்சின், பிரேக், தகர வேலை எல்லாவற்றையும் கராஜில் கொடுத்துச் செய்வித்தேன். டாஷ்போட்டில் இருந்த, பேக்கலைற் என்ற பழைய காலத்துக் கெட்டிப் பிளாஸ்ரிக்கில் செய்த நாலு குமிழ்களை மட்டும் யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. ஸ்ராட்டருக்கு ‘எஸ்’, குளிர்ந்த எஞ்சினை எழுப்பக் காற்றைக் குறைக்கும் சோக்குக்கு ‘சி’, வைப்பருக்கு ‘டபிள்யூ’ என்று எழுத்து வெட்டிய கறுப்புக் குமிழ்கள் மூன்று, விளக்குக்கு ஒன்று. 1957ஆம் ஆண்டு வண்டி, 948 சிசி. யாழ்ப்பாணத்து வெயிலில் இத்தனை வருடம் நின்றதில் அவை கறுப்பும் இல்லாமல் மண்ணிறமும் இல்லாமல் சாம்பல் பூத்துப்போய்க் கிடந்தன.

மைனருக்கு இங்கிலாந்தில் இன்றைக்கும் உதிரிப்பாகம் விற்கிறார்கள். புதுக் குமிழ் எடுப்பித்திருக்கலாம். ஆனால் அந்தச் சோக் குமிழை எப்படி மாற்றுவது? 1990க்குப் பிறகு போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத காலத்தில் எங்கள் ஊர்க் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. போத்தலில் பொத்தி வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அது வசத்துக்கு வரும்வரை அப்பாவின் கை சோக்கிலேயே இருக்கும். கொஞ்சம் இழுப்பார், காது கொடுத்துக் கேட்பார், கட்டைவிரலால் மெல்ல உள்ளே தள்ளுவார். பின் சீற்றில் இருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கைதான். ‘சி’யின் கீழ்ப்பாதி அந்தக் கட்டைவிரலில் தேய்ந்திருக்கிறது.

முதலில் விளக்குக் குமிழைக் கழற்றப் போனேன். திருகிப் பார்த்தேன், வரவில்லை. குறட்டில் துணி சுற்றிப் பிடித்து இழுத்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். விளிம்பில் அரிசி மணி அளவு ஒரு துண்டு தெறித்து, அங்கிருந்து மயிரிழைபோல ஒரு வெடிப்பும் ஓடிவிட்டது. அன்றைக்கு வேலையை அப்படியே விட்டுவிட்டேன். அடுத்தநாள் பழைய கார் வேலை தெரிந்த ஒரு அண்ணையிடம் காட்டினேன். குமிழைத் திருப்பிக் கழுத்தின் அடிப்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு சின்னத் துளை. உள்ளே தண்டில் ஸ்பிறிங் வைத்த ஒரு ஊசி இருக்கிறது. துளைக்குள் கம்பியை விட்டு அதை அமத்தினால் குமிழ் தானாகக் கையோடு வரும். “தம்பி, இதுகள் பலத்துக்கு வராது” என்றார். வைப்பர் குமிழ் அப்படித்தான் வந்தது. சோக்கும் ஸ்ராட்டரும் வேறு மாதிரி, கேபிளோடு சேர்ந்தவை. காற்றும் பெற்றோலும் கலக்கும் கபரேற்றர் பக்கத்தில் சோக் கம்பியின் திருகாணியைத் தளர்த்தி, குமிழோடு முழுக் கம்பியையும் முன்பக்கமாக உருவி எடுத்தேன்.

பேக்கலைற் என்ன சாமான் என்று சரியாகத் தெரியாமல் தொட்டதால்தான் அடுத்த பிழையும் நடந்தது. 1907இல் லியோ பேக்லண்ட் என்ற பெல்ஜியக்காரர் அமெரிக்காவில் இருந்து கண்டுபிடித்த பொருள் இது. பீனோலையும் போமல்டிகைட்டையும் சேர்த்துப் பிசினாக்கி, மரத்தூள் போன்ற ஒன்றை அதோடு கலந்து, அச்சில் போட்டுச் சூட்டோடு அழுத்துவார்கள். ஒருமுறை இறுகினால் இறுகினதுதான், அவித்த முட்டை மாதிரி. சூடுகாட்டி இளக்கி ஒட்டலாம் என்ற கதையே கிடையாது. அச்சில் அழுத்தும்போது பிசின் கூடுதலாக மேலே வந்து மெல்லிய தோலாகப் படியும். பளபளப்பு முழுவதும் அந்தத் தோலில் இருக்கிறது. வெயில் கருக்குவதும் அதைத்தான்.

வைப்பர் குமிழை நான் 400ஆம் நம்பர் அரத்தாளால் தேய்த்தேன். சாம்பல் போனது, கறுப்புத் தெரிந்தது, நல்லாய் வருகிறது என்று இன்னும் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் மேற்பரப்பு வெல்லக்கட்டியை உடைத்துப் பார்த்ததுபோலச் சொரசொரப்பாகிவிட்டது. தோல் போய், உள்ளே இருந்த மரத்தூள் வெளியே வந்துவிட்டது. எத்தனை பொலிஷ் போட்டும் அது குடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கறுப்புச் சப்பாத்துப் பொலிஷை விரலால் ஊற ஊறத் தேய்த்து, ஒரு இரவு வைத்து, மறுநாள் துணியால் துடைத்து, இப்படி நாலைந்து தடவை செய்ததில் ஒரு மங்கல் கறுப்பு வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது என்பதையும் இங்கே சொல்லியே ஆக வேண்டும். பழைய பேக்கலைற் சிலவற்றில் மரத்தூளுக்குப் பதிலாக அஸ்பெஸ்ரோஸ் கலந்திருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே தேய்ப்பதென்றால் ஈரத்தோடு தேய்க்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம், மெசினில் வைத்துச் சுற்றவே கூடாது. நான் முதல் நாள் இது ஒன்றும் தெரியாமல் விறாந்தையில் இருந்து உலரத் தேய்த்தேன், அம்மா பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. நினைக்க இப்போதும் கவலையாக இருக்கிறது.

ஸ்ராட்டர் குமிழுக்கு அரத்தாளையே எடுக்கவில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் கரைத்து மெல்லிய பிரஷால் கழுவினேன். சூடு பட்டதும் பழைய ஆஸ்பத்திரி வாசம்போல காபோலிக் மணம், அதாவது பீனோல் மணம், எழும்பியது. பேக்கலைற்றுதான் என்பதற்கு அது நல்ல அடையாளம். ஊறவிடாமல் உடனே துடைத்தேன். பிறகு பருத்தித் துணியில் பித்தளை மினுக்கும் பிராசோ தொட்டு, ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தை எடுத்துக்கொண்டு சின்ன வட்டமாகத் தேய்த்தேன். குமிழ் கறுப்பு, துணியிலோ மஞ்சளும் மண்ணிறமுமாக இறங்கியது. வெயிலில் செத்த தோல் அதுதான். துணியை மாற்றி மாற்றி, ஒரு குமிழுக்கு மூன்று பின்னேரங்கள் போயின. மூன்றாம் நாள் ஜன்னல் கம்பிகள் அதில் தெரிந்தன. கடைசியாகக் கார்களுக்குப் பூசும் மெழுகு ஒரு பூச்சு. தேங்காய் எண்ணெய் பூசினாலும் அந்த நேரத்துக்கு மினுங்கும், ஆனால் கொஞ்ச நாளில் பழைய கோலம்தான், தூசும் சேர்ந்து ஒட்டும்.

வெடித்த விளக்குக் குமிழுக்கு அரல்டைற் பசை போட்டேன். வெறும் அரல்டைற் மஞ்சளாகத் தெரியும், கறுப்பு வேண்டும். தடைக்காலத்தில் எரித்த ஜாம் போத்தல் விளக்கு ஒன்றை அம்மா இன்னும் வைத்திருக்கிறா. அதைக் கொளுத்தி மேலே ஒரு பீங்கானைப் பிடித்து, படிந்த புகைக்கரியைச் சுரண்டிப் பசையில் கலந்தேன். தெறித்த துண்டு கிடைக்கவில்லை, அந்த இடத்தைக் கொஞ்சம் மேடாகவே நிரப்பி ஒரு முழுநாள் விட்டேன். பிறகு 1000, 2000 நம்பர் தாள்களை நனைத்து, சுற்றியிருக்கும் தோலில் படாதபடி அந்த மேட்டை மட்டும் இறக்கினேன். இருக்கும் இடம் தெரிந்தவர் நகத்தால் தடவினால் பிடிபடும், கண்ணுக்குப் பிடிபடாது.

எழுத்துகளுக்கு வெள்ளை இனாமல் பெயின்ற். தனி வெள்ளை பழைய குமிழில் துருத்திக்கொண்டு தெரியும் என்பதால் ஒரு துளி மஞ்சள் கலந்தேன். ஈர்க்கின் நுனியால் குழிக்குள் விட்டு, கொஞ்சம் இறுகத் தொடங்கியதும், மட்டையில் இழுத்துச் சுற்றிய துணியால் மேலே மட்டும் வழித்தேன். மெத்தென்ற துணி குழிக்குள் இருப்பதையும் சேர்த்து எடுத்துவிடும். ‘எஸ்’ பளிச்சென்று வந்தது.

‘சி’க்கு வந்தபோது கூரான ஊசி ஒன்றை எடுத்து, தேய்ந்த கீழ்ப்பாதியைத் திரும்ப வெட்டலாம் என்று பென்சிலால் குறித்தும்விட்டேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, “அது அப்பான்ர விரல் அழிச்சதெல்லோ, நீ ஏன் திரும்ப எழுதுறாய்?” என்றா. பென்சில் கோட்டைத் துடைத்தேன். மேல்பாதியில் மட்டும் பெயின்ற் விட்டேன். கீழே விரல் பட்டு வழுவழுத்த இடத்துக்குப் பிராசோவும் போடவில்லை. அங்கே ஏற்கனவே வேறு எந்தக் குமிழிலும் இல்லாத ஒரு மினுக்கம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலையும் பூட்டினேன். விளக்குக் குமிழைத் தண்டில் தள்ளியபோது ஊசி துளைக்குள் விழும் சத்தம் கேட்டது. சோக் கம்பியைக் கபரேற்றரில் இறுக்கிவிட்டு வந்து அமர்ந்தேன், அம்மா பின் சீற்றில் ஏறினா. ‘சி’யை இழுத்துத் திருப்பி, ‘எஸ்’ஸை இழுத்தேன். மூன்றாம் இழுவையில் எழும்பியது. சூடேறும்வரை பார்த்திருந்து, கட்டைவிரலை அந்த வழுவழுப்பில் வைத்து மெல்ல உள்ளே தள்ளினேன்.