எங்கே இறக்கணும்?

ஆரியங்காவு செக்போஸ்ட்டை ஒட்டியிருந்த ஒரு கம்ப்யூட்டர் கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். வீடு செங்கோட்டை. காலையில் புளியரை தாண்டி மலையேறும் பஸ், ராத்திரி தெரிந்த லாரி ஏதாவது. சிமெண்ட், செங்கல், முட்டை என்று கேரளாவுக்குள் போகிற சரக்கின் விவரத்தை வணிகவரித் துறைக்காக ஆன்லைனில் ஏற்றி, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதுதான் தொழில். டிரைவர் தூக்கக் கலக்கத்தோடு பில்லை நீட்டுவார். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் நகராது.

"எங்கண்ணே இறக்கணும்?" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டிருப்பேன். சிலருக்கு அது தெரியாது. "கொல்லம் போயி போன் பண்ணச் சொன்னாங்க" என்பார்கள். "இறக்குற இடம் தெரியாமலா மலை ஏறினீங்க?" என்று சிரிப்பேன். அப்போது எனக்கு அது பெரிய நகைச்சுவை.

2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தது. வரிக்காக வண்டியை நிறுத்துகிற வேலை அந்த வருஷமே முடிந்துபோனது. கலால், வனத்துறை, கால்நடைச் சோதனை எல்லாம் இருந்தன, ஆனால் அதற்கெல்லாம் எங்கள் கடை தேவையில்லை. கார்த்திகை பிறந்தபோது முதலாளி அண்ணாச்சி கூப்பிட்டு, "ஜெராக்ஸும் டீயும் போடலாம்னு இருக்கேன் தம்பி. இருக்கணும்னா இரு. ஆனா பாதிச் சம்பளம்தான்" என்றார். திருப்பூரிலிருந்து மச்சான் தினமும் போன். பனியன் கம்பெனியில் பில் போடுகிற வேலை, உடனே வந்து சேரணும்.

அன்றிலிருந்து தினமும் கோயிலுக்குப் போனேன். ஆரியங்காவு சாஸ்தா கோயில் ரோட்டைவிடத் தாழ்வில் இருக்கிறது, படி இறங்கிப் போகவேண்டும். பதினோரு வருஷமும் பஸ்ஸிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்ட ஆள் நான். குளத்துப்புழையில் பாலகனாக இருக்கிற சாஸ்தா இங்கே மாப்பிள்ளை. மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்கு மதுரை சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராக வந்து நிற்பார்கள். கல்யாண வீட்டில் போய் வேலை போன கதையைச் சொல்வதுபோல எனக்கே கூச்சமாக இருந்தது. கறுப்பு வேட்டிக் கூட்டத்துக்கு நடுவே நின்று, "வழி காட்டு சாமி" என்று மட்டும் சொல்வேன். இரண்டு வாரம் இதே. பல்லிகூடச் சத்தம் போடவில்லை.

அம்மாதான் சொன்னாள், "நம்ம சாஸ்தா கோயில்ல பூக்கட்டிப் பார்ப்போம்ல." எங்கள் குலதெய்வமும் சாஸ்தாதான். பங்குனி உத்திரத்துக்கு மட்டும் கூட்டம் வரும், குளக்கரையில் சின்னக் கோயில். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது.

இதைப் பட்டிக்காட்டு நம்பிக்கை என்று நான் தள்ளமாட்டேன். பிள்ளையில்லாத அச்சுதகளப்பாளருக்காக அவருடைய குரு தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்தார், அதாவது ஏட்டுக்கு நடுவே கயிற்றை விட்டு, வருகிற பாட்டைப் பதிலாக எடுத்துக்கொள்வது. சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகத்தில் 'பேயடையா பிரிவெய்தும்' என்று பிள்ளை வரம் சொல்கிற பாட்டு வந்தது, அப்புறம் அவருக்குச் சைவ ஞானி மெய்கண்டார் பிறந்தார் என்று சைவ மரபு சொல்கிறது. ஆனால் அவர்களுக்குப் பிள்ளை வேண்டும், அவ்வளவுதான். கேள்வியில் குழப்பமே இல்லை.

"வெள்ளைன்னா எது, செவப்புன்னா எதுன்னு மனசுக்குள்ள சொல்லிட்டு வைல" என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுக் குழந்தை கையைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றது. வெள்ளை வந்தால் திருப்பூர் என்று நினைத்தேன். வயிற்றைப் பிசைந்தது. சரி, சிவப்பு வந்தால் ஜெராக்ஸ் கடை. அதற்கும் மனசு ஒப்பவில்லை. மறுபடி மாற்றி நினைத்துப் பார்த்தேன். கையில் பொட்டலத்தோடு அப்படியே நிற்கிறேன், "கொல்லம் போயி போன் பண்ணச் சொன்னாங்க" என்று சொன்ன முகமெல்லாம் கண்முன்னால் வருகிறது. பொட்டலங்களைப் பிரித்து, இரண்டு பூவையும் சேர்த்துச் சாமி காலடியில் போட்டுவிட்டேன்.

"கேக்கவே இல்லையால?"

"என்ன கேக்கணும்னே தெரியலம்மா."

வீடு வரும்வரை அவள் பேசவில்லை.

மறுநாள் ஆரியங்காவில் 'வழி காட்டு' என்று சொல்லவில்லை. படியில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னேன். ஊரை விட்டுப் போகப் பயம். நாற்பது வயசில் டீ ஆற்ற வெட்கம். கட்டம் நிரப்புவதைத் தவிர ஒரு வேலையும் தெரியாது. வெட்கம் என்று சொன்னபோதுதான் அது எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரிந்தது. சாமியிடம் சொல்வதற்கு முன் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்று ராத்திரி சொன்னேன். "கட்டம் நிரப்புறதுதான் தெரியும்னா அதையே நிரப்புங்களேன். ஜிஎஸ்டியில கட்டமே இல்லியா?" என்றாள்.

இருந்தது, ஏராளமாக. பாதிச் சம்பளத்துக்குக் கடையில் இருந்துகொண்டே, தென்காசியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொண்டேன். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. 2018 ஏப்ரல் 1இல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஈ-வே பில் வந்தது, சரக்கின் விவரத்தை ஆன்லைனில் ஏற்றி எடுக்கிற சீட்டு. இப்போது செங்கோட்டையில் நாலு கடைகளுக்கு அதுவும் கணக்கும் பார்க்கிறேன். பெரிய வருமானம் என்று சொல்லமுடியாது. மச்சான் இன்னும் திருப்பூர் பெருமை பேசுகிறார்.

சாமிதான் வழி காட்டினாரா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லவே பிடிக்கும். அம்மா ஒத்துக்கொள்ளமாட்டாள். "அன்னைக்குப் பூவை ஒழுங்கா வச்சிருந்தா சாமியே வாயத் தொறந்து சொல்லியிருக்கும்" என்பாள். அந்தக் குழந்தை வெள்ளையை எடுத்திருக்குமா, சிவப்பையா என்று சில நாள் எனக்கும் தோன்றுவதுண்டு.