ஏஞ்சல் மீனும் கணக்குப் புத்தகமும்

எங்கள் வீட்டு ஏஞ்சல் மீன் கொள்ளை அழகு. அது அதற்கும் தெரியும். தொட்டிக்கு நடுவில் துடுப்பை விரித்துக்கொண்டு, படம் எடுத்துக்கொள் என்பது போல அசையாமல் நிற்கும். எடுத்தால் படத்தில் வருவது வேறு. பின்னால் எரியும் டியூப் லைட், ஜன்னல் கம்பி, கொடியில் காயும் துண்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் என் தொப்பை. தொப்பைக்குள்ளேயே மீன் நீந்துகிற படம்கூட ஒன்று இருக்கிறது. அதை யாருக்கும் காட்டுவதாக இல்லை.

அந்த வரிசையில் வந்த ஒரு படத்தைத்தான் மனைவி வாங்கிப் பார்த்தாள். விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். மீன் இருந்த பக்கமே போகவில்லை, நேராக வலது மூலையில் தெரிந்த சோபாவுக்குப் போனாள்.

"கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன்னு சொன்னானே?"

பையன் சோபாவில் மல்லாந்து கிடந்தான். நெஞ்சின் மேல் கணக்குப் புத்தகம், அதற்குப் பின்னால் அவன் அம்மாவின் போன். அறைக் கதவிலிருந்து எட்டிப் பார்த்தால் புத்தகம் மட்டும்தான் தெரியும். அதற்காகவே இடம் பார்த்துப் படுத்திருக்கிறான். எதிரே இருந்த தொட்டிக் கண்ணாடியை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

கிடைக்க வேண்டியது கிடைத்தது. அன்றிலிருந்து கண்ணாடியில் விழும் பிம்பத்தை ஒழிப்பதில் என்னைவிட அவன்தான் தீவிரமாகிவிட்டான். எங்கெங்கோ தேடிப் படித்துவிட்டு வந்தான். நேருக்கு நேர் நின்றால் கண்ணாடியின் வெளிப்பக்கம் திருப்பி அனுப்புவது சுமார் 4 சதவீத வெளிச்சம்தானாம். கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் தொட்டியைவிட அறை பிரகாசமாக இருந்தால் அந்த 4 சதவீதமே மீனை அமுக்கிவிடும்.

என்னிடம் பழைய கேமரா ஒன்றும், லென்ஸில் மாட்டித் திருகினால் பிம்பத்தைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரும் உண்டு. முதலில் அதைத்தான் மாட்டினான். கண்ணாடிக்கு நேரே நின்று என்னதான் திருகினாலும் டியூப் லைட் அசையவில்லை. 55 டிகிரி அளவுக்குச் சாய்ந்து நின்று திருகினால் பிம்பம் மாயமாக மறைகிறது. ஆனால் அத்தனை சாய்வில் தண்ணீரும் கண்ணாடியும் ஒளியை வளைத்துவிடுவதால் மீன் நசுங்கி, ஓரமெல்லாம் நிறம் பிரிந்து தெரிகிறது. போதாக்குறைக்கு ஃபில்டர் பாதி வெளிச்சத்துக்கு மேல் தின்றுவிடுகிறது. கழற்றி உறையில் போட்டாயிற்று.

மிச்சமிருந்த வழி இருட்டு. ராத்திரி, தொட்டி லைட்டைத் தவிர வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தோம், டிவி உட்பட. "லைட் இல்லாம எப்படிப்பா படிக்கிறது?" என்று பையன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டான். அவ்வளவு போலியான வருத்தத்தை நான் பார்த்ததில்லை.

பள்ளி வேலைக்கு வாங்கி மீந்திருந்த கறுப்பு சார்ட் அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, போனை அதன் வழியாகக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தோம். இடைவெளி இல்லாவிட்டால் பிம்பம் நுழைய வழியே இல்லை. போனில் இருக்கும் ஃபிளாஷ் ஆகவே ஆகாது, கண்ணாடியில் பட்டு வெள்ளைத் திட்டாகத் திரும்பி வரும். வெளிச்சம் மேலிருந்து இறங்க வேண்டும். அதனால் பையன் ஸ்டூலில் ஏறி, கண்ணாடி மூடிக்கு மேல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டான். நைட் மோடையும் அணைத்துவிட்டேன். அது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். செடிகள் பளிச்சென்று வரும், மீன் மட்டும் ஆவி மாதிரி இழுபட்டு நிற்கும். மீன் இழுபடாமல் இருக்க ஷட்டர் 1/200 நொடி, குறைந்த வெளிச்சத்துக்கு ஈடாக ஐஎஸ்ஓ 1600 என்று நானே வைத்துக்கொண்டேன். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும், பரவாயில்லை.

எல்லாம் சரி, மீனிடம் யார் சொல்வது? கண்ணாடி அருகே ஆள் வந்தால் தீனி என்பதுதான் அதற்குத் தெரிந்த உலகம். நேராக லென்ஸில் வந்து வாயை முட்டிக்கொண்டு நின்றது. ஃபோகஸ் ஆகாத தூரம். படம் முழுக்க ஒரு வாய். தீனி போட்டுப் பார்க்கலாம் என்றான் பையன். போட்டால் தண்ணீரில் துகள் மிதக்கும், கொஞ்ச நேரத்தில் மீனின் பின்னால் வேறொன்று நூலாகத் தொங்கும். வேண்டாம் என்றேன். அசையாமல் காத்திருந்தோம். இவர்களால் பிரயோஜனமில்லை என்று முடிவு செய்து, அது மெல்லப் பின்வாங்கித் திரும்பியது. அமுக்கினேன்.

கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே வெள்ளிச் செதில் ஒவ்வொன்றின் விளிம்பும் தனித்தனியாக. கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். அடியில் தொங்கும் நூல் துடுப்பு நுனிவரைக்கும் தெளிவு. தொப்பை இல்லை, துண்டு இல்லை, சோபா இல்லை.

மனைவியிடம் கொடுத்தோம். பழக்கதோஷம், விரித்து நாலு மூலையும் தேடினாள். பையன் கைகட்டிக்கொண்டு நிம்மதியாக நின்றான். கீழ் மூலையில் அவள் விரல் நின்றது.

"இது என்ன, கண்ணாடி உள்பக்கம் பச்சையா படிஞ்சிருக்கு? மணல் மேல இவ்வளவு கழிவு? ஞாயித்துக்கிழமையே தொட்டி கழுவியாச்சுன்னு சொன்னியேடா?"

பையன் என் பக்கம் திரும்பினான்.

"அப்பா, லைட்டைப் போட்டு இன்னொண்ணு எடுங்கப்பா."