வட்டக்கச்சியில் ரஷ்யன் படிக்கத் தொடங்கினோம்

ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்கும், பிறகு பல்கலைக்கழக அனுமதிக்கும் காத்திருக்கிற காலம் நீண்டது. அந்த இடைவெளியில்தான் கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ரஷ்யன் படிக்கத் தொடங்கினோம். ஒருத்திக்கு ரஷ்யாவில் மருத்துவம் படிக்க விருப்பம். அங்கே ஆங்கிலத்தில் படிப்பிக்கிற பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, ஆனால் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போனால் நோயாளியோடு ரஷ்யனில்தான் கதைக்க வேண்டும். இரண்டு பேர் ரஷ்ய அரசின் புலமைப்பரிசிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மொழியிலேயே ஆசை. மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்ட புத்தகங்களைப் பற்றி அப்பா இன்றைக்கும் கதைப்பார். வீட்டில் இருந்தவை எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன.

ரஷ்யாவில் படித்து வந்த அக்கா ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிகசாலைக்கு வந்து சொல்லித்தந்தார். மற்ற நாட்களில் நாங்களே கூடிப் படித்தோம்.

எழுத்துகள் 33. தமிழில் 247 படித்த எங்களை அந்த எண்ணிக்கை பயமுறுத்தவில்லை. தெரிந்த முகத்தோடு வந்து வேறு ஒலி தருகிற எழுத்துகள்தான் தொல்லை தந்தன. ஆங்கில எச் போல இருப்பது ன, பி போல இருப்பது ர, சி போல இருப்பது ஸ. ‘ரெஸ்தரான்’ என்று எழுதிய பலகையை ஆங்கிலம் பழகிய கண் ‘பெக்டோபா’ என்று வாசிக்கும். அச்செழுத்து பிடிபட்டதும் அக்கா எங்களை, எழுத்துகளைத் தொடுத்து எழுதுகிற கூட்டெழுத்துக்கு இழுத்தார். ரஷ்யர்கள் கையால் எழுதும்போது கூட்டெழுத்துத்தான். அதில் த என்பது ஆங்கில எம் போல மாறிவிடும். இரட்டைக்கோட்டுக் கொப்பியில் பென்சிலால் சாய்கோடு போட்டு எழுதிப் பழகினோம். இதைத் தள்ளிப்போடாமல் ஆரம்பத்திலேயே செய்தது நல்லதாகப் போயிற்று.

உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைக்கக் கூடாது என்பது அக்காவின் முதல் கட்டளை. வீட்டுக்கான சொல்லையும் ஒரு நூலின் தொகுதிக்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘தோம்’ என்றே நிற்கும். ரஷ்யனில் அவை வேறு எழுத்து, வேறு ஒலி. அழுத்தமும் அப்படித்தான். பாலுக்கு எழுதுவது ‘மொலொகோ’, சொல்வது ‘மலகோ’. அழுத்தம் விழாத ஒகரம் அகரத்தின் பக்கம் சாய்ந்துவிடும். எந்த அசையில் அழுத்தம் என்பதைச் சொல்லோடு சேர்த்தே பாடமாக்க வேண்டும், வேறு வழியில்லை.

பிறகு வேற்றுமை வந்தது. இணையத்தில் எங்கே பார்த்தாலும் ரஷ்யனின் ஆறு வேற்றுமைகளைப் பெரிய மலையாகக் காட்டுகிறார்கள். ஆங்கிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது மலைதான். எட்டு வேற்றுமையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்த நாங்கள் ஏன் அந்தப் பயத்தைக் கடன் வாங்க வேண்டும்? ‘பேனையால் எழுதினேன்’, ‘நண்பனோடு போனேன்’ இரண்டும் நமக்கு மூன்றாம் வேற்றுமை. ரஷ்யனிலும் அவை ஒரே வேற்றுமை. ‘எனக்குக் குளிருது’ என்பதை அவர்களும் ‘ம்னே ஹோலத்ன’ என்று, எனக்கு என்ற உருவத்தில்தான் சொல்கிறார்கள். வயது சொல்வதும் ‘எனக்கு இருபது’ என்றே. ‘நான் மாணவன்’ என்பதில் இடையில் ஒரு வினை தேவையில்லை, அங்கேயும் இல்லை. ‘மேசை வாங்கினேன்’ என்று ஐ உருபு இல்லாமலே சொல்வோம், ‘தம்பியைக் கண்டேன்’ என்றால் ஐ வேண்டும். ரஷ்யனிலும் மேசை மாறாமல் நிற்கிறது, தம்பி மாறுகிறான். யானையும் சிங்கமும் மட்டும் அங்கே தம்பியின் பக்கம், உயிருள்ளவை என்பதால். இவ்வளவையும் ஆங்கில விளக்கத்தின் வழியாகப் படிப்பது சுற்றுப்பாதை. நான் பார்த்தவரையில் தமிழ் இலக்கணக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பதே கெட்டித்தனம்.

தேத்தண்ணி நேரத்தை நாங்கள் வேற்றுமைக்கே ஒதுக்கினோம். ரஷ்யனில் கேட்டால்தான் கோப்பை கைக்கு வரும். சீனியோடு என்றால் ‘ஸ் சாஹரம்’, சீனி இல்லாமல் என்றால் ‘பெஸ் சாஹர’. ஒரே சீனி, இரண்டு முடிவு. முடிவு பிழைத்தால் கேத்தலை வைத்திருப்பவர் ஊற்ற மாட்டார். நாலு பேர் உடனே திருத்திவிடுவோம். சொல்லை எவ்வளவு வேண்டுமானாலும் போன் செயலி தருகிறது, ஆனால் இப்படிப் பிடித்து நிறுத்திக் கேட்க அதனால் முடியாது.

ஆண், பெண் சேர்ந்த குழுவாக இருந்தது இன்னொரு வகையிலும் உதவியது. ‘நான் வாசித்தேன்’ என்று தமிழில் யாரும் சொல்லலாம். ரஷ்யனில் பெடியன் ‘சித்தால்’ என்பான், பிள்ளை ‘சித்தால’ என்பாள். ஒருவர் சொன்னதை மற்றவர் கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொல்ல முடியாததால், ஒவ்வொரு வசனத்தையும் யோசித்தே சொல்ல வேண்டியிருந்தது.

கஷ்டம் என்றால் பொருட்களின் பால். மேசை ஆண், புத்தகம் பெண், யன்னல் இரண்டிலும் சேராதது. அஃறிணை என்று ஒரே கூடையில் போட்டுப் பழகிய நமக்கு இது உண்மையிலேயே புதிது. மெய்யில் முடிந்தால் ஆண், அகரத்தில் முடிந்தால் பெண், ஒகரத்தில் முடிந்தால் மூன்றாவது என்று பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். மென்மைக் குறியில் (முன்னால் உள்ள மெய்யை மென்மையாக்கும் ‘ь’ என்ற எழுத்தில்) முடிகிறவற்றில் சில ஆண், சில பெண். அவற்றுக்கு இரண்டு நிறப் பேனை வாங்கி, சொல்லை அதன் நிறத்திலேயே எழுதிப் பாடமாக்குகிறோம்.

இப்போது போதல் வினைகளில் நிற்கிறோம். கிளிநொச்சிக்கு நடந்து போவதற்கு ஒரு வினை, பஸ்ஸில் போவதற்கு வேறு வினை. ஒரு தடவை போவதும் அடிக்கடி போய்வருவதும் அதிலும் பிரிகின்றன. தொடக்கநிலைச் சோதனைக்கு இவை போதும் என்கிறார் அக்கா. ரஷ்ய மொழிமூலப் பட்டப்படிப்புக்குச் சேர அதற்கும் மேலே ‘முதலாம் சான்றிதழ் நிலை’ வரை போக வேண்டும். புலமைப்பரிசில் கிடைத்தால் அங்கே முதல் வருடம் மொழிக்கென்றே தருவார்கள், மிச்சத்தை அதில் பார்க்கலாம் என்று நண்பர்கள் இருவரும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். புதிதாக இரண்டு தங்கச்சிமார் சேர வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு.